பெரிய பாம்பின் கூண்டுக்குச் சூடு: பெங்களூரில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில், அல்சூரில் நான் குடியிருந்த வாடகை வீட்டில், ஆறரை அடி நீளமுள்ள என் போவா பாம்பு தண்ணீர்த் தொட்டிக்குள் உடல் முழுவதையும் சுருட்டி வைத்துக்கொண்டு, மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டியபடி கிடந்தது. வெளியே 16 டிகிரிக் குளிர். கூண்டின் சூடான மூலையிலோ தரை 47 டிகிரி. ஹீட்டரைக் குறித்த சூட்டில் நிறுத்துவதற்காக அறுநூறு ரூபாய்க்கு நான் வாங்கியிருந்த கன்ட்ரோலருக்குள் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிப்போனதால், ஹீட்டர் இரவு முழுவதும் நிற்காமல் எரிந்திருக்கிறது. செட் செய்த எண்ணாகிய 32 மட்டும் அதன் முகப்பில் சாதுவாக மின்னிக்கொண்டிருந்தது. பாம்பின் வயிற்றுச் செதில்களில் உள்ளங்கை அகலத்துக்கு, தோசைக்கல்லில் ஒட்டிய ஓரம் போலச் செம்பழுப்பாக ஒரு பட்டை. அது ஆற நான்கு முறை தோலுரிக்க வேண்டியிருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு கூண்டையும் மின் இணைப்பையும் முழுவதுமாகப் பிரித்து மறுபடி அமைத்தேன். அப்போது கற்றுக்கொண்டதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். குளிர் மிஞ்சினால் பாம்பு சில மணி நேரம், சில நேரங்களில் ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்கும். சூடு மிஞ்சினால் ஒரு மணி நேரமே அதிகம். ஆகவே ஹீட்டர் எரியாமல் போய்விடுமோ என்று அஞ்சுவதைவிட, அணையாமல் போய்விடுமோ என்றே அதிகம் அஞ்ச வேண்டும். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை இந்த அச்சத்திலிருந்து பிறந்தவை.

1. ஆவணங்களை முதலில் முடியுங்கள்

கடைசியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, சாரை உள்ளிட்ட நம் நாட்டுப் பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை; அவற்றை வீட்டில் செல்லப்பிராணியாக வைத்திருப்பது குற்றம். பர்மியப் பைத்தான் நம் வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் வாழும் இனம் என்பதால், அயல்நாட்டுப் பாம்பு என்று விற்பவர் சொல்வதை நம்பி அதை வாங்கிவிடாதீர்கள்.

போவா, பால் பைத்தான் (ball python), கார்ப்பெட் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்கள் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்களின் பட்டியலான நான்காம் அட்டவணையில் இடம்பெறுகின்றன. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, விலங்கு உங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறருக்குக் கைமாற்றினாலும் விதிகளின்படியே செய்ய வேண்டும். இது சூட்டோடு தொடர்பில்லாத செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். வெந்துபோன பாம்பைப் பெட்டியில் வைத்து நான் மருத்துவரிடம் ஓடியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி பதிவுச் சான்று இருக்கிறதா என்பதுதான்.

வாடகை வீடு என்றால் இன்னொரு தாளும் வேண்டும். விலங்கு வளர்ப்பதற்கும், மின் இணைப்பில் மாற்றம் செய்வதற்கும் வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் "சரிப்பா, பார்த்துக்கோ" என்று சொன்னவர், எலெக்ட்ரீஷியன் சுவரைக் குடையும் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஏறி வந்துவிடுவார்.

2. வேண்டிய வெப்பநிலையை எண்ணாக எழுதி ஒட்டுங்கள்

பாம்பு தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. இடம் மாறி மாறிப் படுத்துத்தான் சரிசெய்துகொள்ளும். எனவே கூண்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது தவறு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால், இரை செரிக்க வேண்டிய நாளில் சூடான முனைக்கும், போதும் என்று தோன்றும்போது குளிர்ந்த முனைக்கும் அதுவே நகர்ந்துகொள்ளும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். ஒன்றுதான் வைத்தால், சூடு பொருந்தாவிட்டாலும் ஒளிந்துகொள்ள வசதி என்பதற்காகவே பாம்பு அங்கேயே கிடந்துவிடும்.

போவாவுக்கு நான் பின்பற்றும் எண்கள் இவை. சூடான முனையில் காற்று 31 முதல் 32 டிகிரி. அங்கே பாம்பு படுக்கும் பரப்பு 34 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குளிர் முனை 25 முதல் 27. இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு. பால் பைத்தானுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். கார்ப்பெட் பைத்தான் இரவுக் குளிரை இன்னும் சற்றுத் தாங்கும். உங்கள் இனத்துக்குரிய எண்களை ஒரு தாளில் எழுதிக் கூண்டின் வெளிப்புறம் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது கூண்டைக் கவனித்துக்கொள்ளும் தம்பிக்கோ பக்கத்து வீட்டாருக்கோ அந்தத் தாள்தான் துணை.

3. அறையை ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அது உங்கள் அறைக்குத்தான் தெரியும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் வெளியே 15, 16 டிகிரி சாதாரணம். தரைத்தள அறை அப்போதும் 21க்குக் குறையாமல் இருக்கலாம். ஷீட் கூரை போட்ட மொட்டைமாடி அறையோ வெளியில் உள்ள அளவுக்கே இறங்கிவிடும். குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கூண்டு வரப்போகும் இடத்திலேயே வைத்து, காலை ஆறரை மணிக்கு எண்ணைக் குறியுங்கள். அந்தக் குறைந்த எண்ணுக்கும் 32க்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் உங்கள் ஹீட்டர் கடக்க வேண்டும்.

வெப்பமானியையே முதலில் சோதிக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். நீர்புகாத சென்சார் என்றால், நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் இருந்த நான்கில் ஒன்று மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. கூண்டில் ஒட்டும் வட்டமுள் வெப்பமானிகளை வாங்கவே வேண்டாம். துப்பாக்கி போல இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி பரப்புச் சூட்டைப் பார்க்க மிகவும் உதவும். ஆனால் கண்ணாடிக் கதவை மூடிவைத்துக்கொண்டு அதை நீட்டினால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், பளபளப்பான உலோகத்தின் மேல் நீட்டினால் பொய் சொல்லும்.

கோடையில் கணக்கு தலைகீழாகிறது. 2016 ஏப்ரல் 24 அன்று இந்த ஊரில் 39.2 டிகிரி பதிவானது. ஏப்ரல் பிற்பகலில் ஹீட்டர் தானாக அணைந்திருந்தாலும் குளிர் முனை 30ஐத் தாண்டினால், கூண்டை வீட்டின் குளிர்ந்த அறைக்கு நகர்த்த வேண்டியிருக்கும் என்பதை இப்போதே மனத்தில் வைத்து இடம் தேருங்கள்.

4. சூட்டைப் பிடித்துவைக்கும் கூண்டு

ஆறரை அடிப் பாம்புக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதை நான் குறைந்த அளவாகக் கொள்கிறேன். மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டியில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். பிளைவுட் அல்லது தடித்த பிவிசி பலகையால் பக்கங்களையும் மேற்பலகையையும் அமைத்து, முன்புறம் மட்டும் கண்ணாடிக் கதவு வைத்தால் பாதி வாட் போதும்.

தச்சரிடம் தண்ணீர் தாங்கும் 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வார்னிஷ் அடித்தபின் குறைந்தது மூன்று வாரம் காற்றாட வையுங்கள். ஹீட்டர் போட்டதும் வார்னிஷ் நெடி மறுபடி கிளம்பினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஹீட்டர் வரும் இடத்துக்கு மேலே சிமென்ட் போர்டு ஒன்றைத் திருகிவிடச் சொல்லுங்கள், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் சூடேறி வறண்ட மரம் புதுமரத்தைவிட எளிதில் பற்றும்.

கூண்டுக்குள் எந்த மூலையிலும் செல்லோடேப்போ இன்சுலேஷன் டேப்போ ஒட்டாதீர்கள். சூட்டில் பசை இளகி டேப் கழன்று பாம்பின் உடலில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது செதிலோடு தோலும் வந்துவிடும். வயரைப் பிடிக்க ஆணிக் கிளிப் அல்லது திருகிய பட்டை மட்டுமே போதும்.

5. ஹீட்டரைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தள்ளுபடி செய்ய வேண்டியவை. செயற்கைப் பாறைக்குள் சுருள் வைத்த சூட்டுக்கல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரே புள்ளியில் சூடு குவியும், சுடுகிறது என்று உணர்ந்து விலகும் வேகம் பாம்புக்கு இல்லை. சிவப்பு, நீல இரவு விளக்குகளும் வேண்டாம். அறைக்குப் போடும் ஃபேன் ஹீட்டரைக் கூண்டின் முன் திருப்பிவைப்பது காற்றை உலர்த்தும் வேலை. தீப்பிடிக்கும் வேலையும் அதுவே.

அடியில் விரிக்கும் ஹீட் மேட்டை இந்த ஊரின் கடைகளில் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். சின்னப் பாம்புக்கு, தகுந்த கன்ட்ரோலரோடு, அது போதும். ஆறேழு கிலோ எடையுள்ள பாம்பு அதன் மேல் சுருண்டு படுத்துவிட்டால், வெளியேற வழியில்லாமல் சூடு அந்த இடத்திலேயே தேங்கி ஏறிக்கொண்டே போகும். சற்றுத் தள்ளி இருக்கும் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. மேலும் ஹீட் மேட் காற்றைச் சூடாக்குவதில்லை. வயிறு வெந்தும் மூச்சுக் காற்று குளிர்ந்தும் இருக்கிற நிலை பெரிய பாம்புக்குச் சளிப்பிடிக்க நேர்வழி.

பீங்கான் ஹீட்டர் என்பது ஒளி தராத குமிழ். 100 வாட் குமிழ் அறுநூறு முதல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இரவிலும் பயன்படுத்தலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதன் பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடியது. சூடு தேடி அதன் மேலேயே சுற்றிக்கொள்ளும் பாம்புகள் உண்டு. ஆகவே பாம்பின் தலை நுழையாத அளவுக் கண்ணிகள் கொண்ட கம்பிக் கூடு, குமிழைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கைந்து விரற்கடை இடைவெளிவிட்டு, மேற்பலகையில் திருகப்பட்டிருக்க வேண்டும். கொக்கியில் மாட்டிவிடும் கூட்டை ஆறரை அடிப் பாம்பு ஒரே இரவில் கழற்றிவிடும். அதன் உடல் வலு உங்களுக்குத் தெரியாததல்ல.

ஹோல்டரில் ஒரு பொறி இருக்கிறது. நம் வீடுகளில் இருப்பது இரண்டு பின் வைத்துத் திருப்பும் பி22 ஹோல்டர். பீங்கான் ஹீட்டருக்கு வேண்டியதோ திருகு வைத்த இ27. இரண்டையும் இணைக்கப் பிளாஸ்டிக் அடாப்டர் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும், நானும் வாங்கினேன். பத்தாவது நாள் அது வெல்லப்பாகு போல இளகிச் சாய்ந்திருந்தது. பீங்கானில் செய்த இ27 ஹோல்டர் எஸ்.பி. சாலை மின்பொருள் கடைகளில் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. சாதாரண பேக்கலைட் ஹோல்டரும் இதற்கு ஆகாது.

பகலில் வெயில் போன்ற சூடு வேண்டுமென்றால் ஹாலஜன் குமிழ் நல்லது. அதன் அகச்சிவப்புக் கதிர் தசைக்குள் ஆழ இறங்கும்; பீங்கானின் சூடு மேல்தோலோடு நின்றுவிடும். ஆனால் ஒளி வருவதால் இரவில் அணைத்தாக வேண்டும். அதற்கும் கம்பிக் கூடு கட்டாயம்.

பெரிய பாம்புக்கு நான் கடைசியில் வந்து சேர்ந்தது கூண்டின் கூரையில் தட்டையாகத் திருகும் கதிர்வீச்சுத் தகடு (radiant heat panel). அகலமான பரப்பிலிருந்து மெல்ல இறங்கும் சூடு என்பதால், பாம்பின் உடல் முழுவதும் ஒரே சீராகப் படுகிறது. குமிழ் போல ஒரே இடத்தைப் பொசுக்குவதில்லை. தகடு தொட்டால் சுடும், ஆயினும் பீங்கான் அளவுக்குப் போவதில்லை. தகட்டுக்கும் பாம்பு ஏறிப் படுக்கும் மரக்கிளைக்கும் இடையே ஓரடி விட்டிருக்கிறேன். சிக்கல், இதை உள்ளூர்க் கடையில் கேட்டால் விழிப்பார்கள். நான் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது.

தருவிக்கும்போது ஒரே ஒரு எண்ணைப் பத்து முறை பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பொருள் 120 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் வோல்ட் இரு மடங்கு ஆனதாகத்தான் தோன்றும். வாட்டோ வோல்ட்டின் இருபடிக் கணக்கில் ஏறுவதால் 100 வாட் தகடு ஏறக்குறைய 370 வாட்டாக எரியும். பிளக்கை மாற்றித் தரும் அடாப்டர் வோல்ட்டை மாற்றுவதில்லை. ஐரோப்பிய, ஆஸ்திரேலியச் சந்தைப் பொருளாக 220 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

6. கன்ட்ரோலர்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

ஹீட்டர் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அதாவது கன்ட்ரோலர், மலிவாக இருக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் ஒரு மணி நேரம் கூட எரியவிடாதீர்கள்.

மூன்று வகை உண்டு. முழுதாக எரித்து முழுதாக அணைக்கும் ரிலே வகை. மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக விடும் பல்ஸ் வகை. விளக்கைக் கூட்டிக் குறைப்பது போலச் செய்யும் டிம்மிங் வகை. ஹாலஜன் குமிழுக்கு டிம்மிங்தான் வேண்டும், ரிலேயில் போட்டால் இரவுக் கடை விளக்கு போல அணைந்து அணைந்து எரிந்து இழை அறுந்துவிடும். பீங்கானுக்கும் கதிர்வீச்சுத் தகட்டுக்கும் பல்ஸ் வகை பொருத்தம்.

எந்த வகையானாலும் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போது அணைந்த நிலையில் நிற்குமா, எரியும் நிலையில் நிற்குமா என்பதுதான் கேள்வி. ரிலேக்குள் இருக்கும் இரு உலோக முனைகள் ஆயிரக்கணக்கான முறை சேர்ந்து பிரிந்ததில் பொறி பட்டு உருகி ஒட்டிக்கொண்டால், திரையில் ஆஃப் என்று காட்டினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு நேர்ந்தது அதுவே.

இதற்கு மருந்து இரண்டாவது கன்ட்ரோலர். சுவர் சாக்கெட்டில் முதலில் ஒரு சாதாரண ரிலே கன்ட்ரோலர், அதிலிருந்து நல்ல பல்ஸ் கன்ட்ரோலர், அதிலிருந்து ஹீட்டர் என்று தொடராக இணையுங்கள். பல்ஸ் கன்ட்ரோலர் 32இல் வேலை செய்யட்டும். காவல் கன்ட்ரோலரை 35இல் வையுங்கள். இயல்பான நாட்களில் காவலுக்கு வேலையே இல்லை என்பதால் அதன் ரிலே தேய்வதும் இல்லை. இரண்டும் ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு மிகக் குறைவு. காவலுக்கு நான் செலவழித்தது எழுநூறு ரூபாய். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

சென்சாரின் இடமும் அதே அளவுக்கு முக்கியம். பாம்பு அதை உடலால் இழுத்துக் குளிர் முனைக்குக் கொண்டுபோனால், கூண்டு குளிர்ந்திருக்கிறது என்று நம்பி ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தாலும் அப்படியே. சென்சாரைச் சூடான முனையின் பின்சுவரில், பாம்பின் முதுகு உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு உலோகக் கிளிப் வைத்துத் திருகிவிடுங்கள். காவல் கன்ட்ரோலரின் சென்சார் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, தனி வயரில், தனி கிளிப்பில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் ஒன்றாகவே இடம்பெயரும்.

7. மின் இணைப்பு

எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சாக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், எர்த் ஓட்டை இருக்கு, வயர்தான் இல்ல" என்றார். பழைய வாடகை வீடுகளில் இது சாதாரணம். தண்ணீர்த் தொட்டியும் ஈரமும் உலோகக் கம்பிக் கூடும் சேர்ந்திருக்கும் இடத்தில் எர்த் இல்லாமல் ஹீட்டர் போடுவது பாம்பைவிட உங்களுக்கே ஆபத்து. மூன்று கம்பி வயர் இழுத்து எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றை அந்த இணைப்புக்கு வைக்கச் சொல்லுங்கள். பொருளும் கூலியும் சேர்த்து எனக்கு 4,200 ரூபாய் ஆனது. ஆர்.சி.சி.பி. மேல் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

கூண்டுக்குள் வரும் வயர் சூடு தாங்கும் சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும். பிளக்கும் கன்ட்ரோலர்களும் கூண்டுக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், சுவரில் தொங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டரோடு மிக்சியோ அயர்ன் பாக்ஸோ சேர்ந்து தொங்கக் கூடாது. அறையின் மேற்கூரையில் பேட்டரியில் இயங்கும் புகை அலாரம் ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இந்த ஊரில் மின்னழுத்தம் சில இரவுகளில் 250ஐத் தொடுவதை என் மீட்டரில் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் ஹீட்டர் எழுதியிருப்பதைவிட 18 விழுக்காடு கூடுதலாக எரியும் என்பதால், தேவைக்கு மிஞ்சிய வாட் வாங்குவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

8. மின்வெட்டு

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் நான்கைந்து மணி நேரம் ஆகலாம். நன்றாக மூடிய பிளைவுட் கூண்டு மணிக்கு ஓரிரு டிகிரிதான் இழக்கும். மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினால் இன்னும் மெதுவாக. காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். அண்மையில் இரை விழுங்கிய பாம்பு என்றால் குளிரில் செரிக்க முடியாமல் கக்கிவிடும். ஆகவே பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தால், அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் இரை போடாதீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கு இது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி. பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம், அதிலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் விழுங்கும். 80 வாட் ஹீட்டர் மட்டும் ஓடினால் ஒன்பது மணி நேரத்தை ஒட்டி வரும். ஃபேனும் விளக்கும் சேர்ந்தால் அதில் பாதி. பல்ஸ், டிம்மிங் கன்ட்ரோலர்களுக்குச் சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் அவை தாறுமாறாக நடந்துகொள்ளும்.

9. ஏழு நாள் வெள்ளோட்டம், பாம்பு இல்லாமல்

எல்லாம் பூட்டி முடித்தபின் உடனே பாம்பை விட்டுவிடும் ஆசை வரும். ஏழு நாள் காலியாக ஓட்டுங்கள். காலை ஆறரை, பிற்பகல் மூன்று, இரவு பத்து என மூன்று வேளை இரு முனைகளின் எண்களையும் குறியுங்கள். நான்காம் நாள், வேண்டுமென்றே பல்ஸ் கன்ட்ரோலரை 40க்கு ஏற்றிவைத்து, 35இல் காவல் கன்ட்ரோலர் துண்டிக்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ஐந்தாம் நாள் சென்சார் வயரை வலுவாக இழுத்துப் பாருங்கள். கிளிப் அசைந்தால் பாம்பும் அசைத்துவிடும். பிளக்கைக் கழற்றிக் கையில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஹீட்டர் வந்தபின் ஈரப்பதம் 40க்கு இறங்கிவிடுவது வழக்கம், பிப்ரவரி, மார்ச்சில் குறிப்பாக. தண்ணீர்த் தொட்டியைச் சற்றுச் சூடான முனைப் பக்கம் நகர்த்தி, தரைக்குக் கனமான தேங்காய் நார்த்தூள் போட்டுப் பாருங்கள். ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்துவிடக் கூடாது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, சீறல் போன்ற சத்தம் ஆகியவை நெஞ்சுச் சளியின் அறிகுறிகள்.

10. செலவும் காலமும்

என் கணக்கை அப்படியே தருகிறேன். கதிர்வீச்சுத் தகடு, 120 வாட், அனுப்புகூலியோடு 13,500. பல்ஸ் கன்ட்ரோலர் 8,800. இரண்டுக்குமாகச் சுங்கவரி, அப்போது பொருள் விலையில் பாதிக்கு மேல் ஆனது. கூரியர் நிறுவனம் ஆதாரும் பான் எண்ணும் கேட்கும். அவற்றை அனுப்பத் தாமதித்ததால் என் பெட்டி பதினோரு நாள் கிடங்கில் கிடந்தது. விலைப்பட்டியலில் பொருளின் பெயர் மின் ஹீட்டர் என்று தெளிவாக இருக்கட்டும். காவல் கன்ட்ரோலர், வயரிங், வெப்பமானிகள், புகை அலாரம் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 8,000. பீங்கான் ஹீட்டரும் கம்பிக் கூடும் போதும் என்று முடிவு செய்தால் தகட்டின் செலவு முழுவதும் மிச்சம். அப்போதும் கன்ட்ரோலரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மின்கட்டணம் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. டிசம்பரில் என் தகடு நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட் எடுத்தது, மாதம் 52, ஏப்ரலில் 17. யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்தால் குளிர்காலத்தில் 360 ரூபாயைச் சுற்றி வரும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருக ஜோதியில் இருப்பவர்கள் மட்டும் இதைக் கவனிக்க வேண்டும்: மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுக் கட்டணமும் செலுத்த வேண்டிவரும். 170இல் நிற்கும் வீட்டுக்கு இந்த 52 பெரிய எண்.

காலத்தைப் பொறுத்தவரை, தச்சருக்கு இரண்டு வாரம், வார்னிஷ் ஆற மூன்று, பொருள் வந்து சேர ஐந்தாறு, வெள்ளோட்டம் ஒன்று. சில ஒன்றோடொன்று ஓடும் என்றாலும் இரண்டு மாதம் ஆகும். ஆகவே தீபாவளிக்குப் பிறகு தொடங்கினால் மார்கழிக் குளிர் உங்களை முந்திக்கொள்ளும். ஆவணி மாதமே தொடங்குங்கள்.

11. சுட்டுவிட்டால், சுடாமல் இருக்க

வயிற்றுச் செதில் செம்பழுப்பாகவோ கொப்புளமாகவோ தெரிந்தால் ஹீட்டரை அணைத்து, காயத்தின் மேல் குளிர்ந்த, ஆனால் ஐஸ் அல்லாத தண்ணீரைப் பத்து நிமிடம் மெல்ல ஊற்றுங்கள். மஞ்சள், நெய், பற்பசை எதுவும் வேண்டாம். தரையில் நார்த்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரித்து, ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். அத்தகைய மருத்துவர்கள் இந்த ஊரிலும் சிலரே என்பதால் அவர் எண்ணை இப்போதே தேடிக் குறித்துவையுங்கள். சூட்டுக்காயம் முதல் நாள் சிறிதாகத் தெரிந்து, ஒரு வாரத்தில் விரியும்.

மாதம் ஒருமுறை நான் செய்வது: ஹீட்டர் பரப்பின் தூசியைத் துடைப்பது, சென்சார் மேல் எச்சம் காய்ந்திருந்தால் கழுவுவது, காவல் கன்ட்ரோலரை ஒருமுறை துண்டிக்கவைத்துப் பார்ப்பது, வயர் முனைகளில் கருகல் உண்டா என்று பார்ப்பது. பாம்பு ஹீட்டருக்கு அடியிலேயே எப்போதும் கிடந்தால் கூண்டு குளிர்ந்திருக்கிறது; தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தால் திரை என்ன காட்டினாலும் நம்பாமல் தரையை அளக்கிறேன். ரிலே உள்ள கன்ட்ரோலரை, நன்றாக ஓடினாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பழையதை அவசரத்துக்கு மறுபடி எடுத்து மாட்டிவிடும் ஆசை வராமல் இருக்க, அதன் வயரை வெட்டிவிட்டுத்தான் மின்கழிவுப் பெட்டியில் போடுகிறேன்.